காண்டாமிருகக் குட்டிகளுக்குச் சேர்த்த காசு: புலியை அகற்றவா, வேலி போடவா, கொம்பு வெட்டவா, காவலுக்கா?

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து வருடா வருடம் கொஞ்சக் காசு போட்டு ஏதாவது ஒரு காட்டு வேலைக்குக் கொடுப்பது வழக்கம். இந்தமுறை காண்டாமிருகக் குட்டிகளுக்கு என்று முடிவாகிவிட்டது, அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் குட்டிகளுக்கு என்றால் எந்த வேலைக்கு? அங்கேதான் இழுபறி. இந்தியாவின் அசாமிலுள்ள காசிரங்காப் பூங்காவில் புலி ஒன்று குட்டியைப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும் காணொளியைப் பார்த்ததிலிருந்து எங்களில் மூத்த அண்ணாவுக்கு மனம் ஆறவில்லை. அந்தப் புலிகளைப் பிடித்து வேறு காட்டில் விடுகிறவர்களுக்குத்தான் காசு போகவேணும் என்கிறார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற அக்கா வேலி என்கிறார். தம்பிமார் ஆபிரிக்காவில் வேட்டைக்காரர் சுடாதிருக்க முன்கூட்டியே கொம்பு வெட்டுவதைப் பற்றி வாசித்துவிட்டு அதற்கே கொடுப்போம் என்று நிற்கிறார்கள். எல்லோரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விலை இருக்கிறது, அதை வடிவாகப் பார்க்காமல் காசை அனுப்பினால் குட்டிக்கு உதவுகிறோம் என்று நினைத்து வேறு எதையோ செய்துவிடுவோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குட்டி எப்படிச் சாகிறது என்று பார்ப்போம். வளர்ந்த காண்டாமிருகத்தை ஒரு புலியோ சிங்கமோ வீழ்த்துவது அபூர்வம். இந்திய ஒற்றைக்கொம்பு ஆண் இரண்டு தொன்னையும் தாண்டும், அதன் கீழ்த்தாடையில் இருக்கும் கூரான முன்பற்கள் சண்டையில் கொம்பைவிடப் பொல்லாதவை. ஆனால் பிறந்த குட்டியோ ஐம்பது அறுபது கிலோதான், ஒரு புள்ளிமானைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஓட்டமும் மானின் ஓட்டம் இல்லை. அதைக் காப்பாற்றுவது தாய் பக்கத்தில் நிற்பது மட்டுமே. ஆபிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகம் திறந்த புல்வெளியில் மேய்வது. அதன் குட்டி தாய்க்கு முன்னால் ஓடும், தாய் பின்னால் வந்து காவல் கொடுக்கும், ஆபத்து என்றால் பெரியவை பின்புறத்தைச் சேர்த்து, கொம்பை வெளியே காட்டி நிற்கும். கறுப்புக் காண்டாமிருகம் பற்றைக்காட்டு விலங்கு. அதன் குட்டி தாய்க்குப் பின்னால் போகும், அதாவது பின்னாலிருந்து வருகிற எதற்கும் முதலில் அகப்படுவது குட்டிதான். போதாததற்கு, முதல் சில கிழமைகள் குட்டியைப் பற்றைக்குள் ஒளித்துவிட்டுத்தான் தாய் தண்ணிக்குப் போகும்.

இப்படி அகப்பட்டும் தப்பிய குட்டிகளின் அடையாளம் வாழ்நாள் முழுக்க அவற்றின் உடம்பிலேயே இருக்கும். தென்னாபிரிக்காவின் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி பூங்காவில் காது இல்லாத, வால் அறுந்த கறுப்புக் காண்டாமிருகங்களைப் பற்றி 1986இலேயே ஓர் எச்சரிக்கைக் கட்டுரை வந்தது. புள்ளிக் கழுதைப்புலிகள் குட்டியைத் துரத்தும்போது எட்டுவது வாலும் காதும்தான். தாய் திரும்பி வந்து விரட்டும்வரை அவற்றைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதே பூங்காவில் சிங்கத்திடம் தப்பிய ஒரு குட்டி பிறகு காயத்தால் செத்ததை 2009இல் பதிவு செய்திருக்கிறார்கள். நமீபியாவின் எதோஷாவில் சிங்கங்கள் கறுப்புக் காண்டாமிருகங்களைக் கொன்று தின்றது பற்றி 1999இல் ஓர் ஆய்வு வந்தது. ஆக, நடக்கிறது. அண்ணா பார்த்த காணொளி எங்கோ ஒருமுறை நடந்த அதிசயம் இல்லை.

அடுத்தது கணக்கு, இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். வயிற்றில் பதினைந்து பதினாறு மாதம் சுமந்து ஒரு குட்டி, அப்புறம் அடுத்த குட்டிக்கு இரண்டரை முதல் நான்கு வருடம். ஒரு பெண் முதல் குட்டி போடவே ஆறு ஏழு வயதாகும். அதனால் ஒவ்வொரு குட்டியும் பெறுமதியானது என்பது உண்மைதான். ஆனால் 2022 கணக்கெடுப்பில் காசிரங்காவில் 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. அவற்றில் குட்டிகள் 146, அதற்கு மேல் கொஞ்சம் வளர்ந்த இளசுகள் 279. நூற்றுக்கு மேற்பட்ட புலிகள் நடமாடும் அதே புல்லுக்குள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கைப்பிடியாக இருந்தவை இந்த எண்ணிக்கைக்கு வந்தன. நேபாளத்தில் 2021இல் எண்ணியபோது நாடு முழுக்க 752, அதில் சித்வான் பூங்காவில் மட்டும் 694. அந்தச் சித்வானில் 2022 கணக்குப்படி 128 புலிகள். புலியும் கூடுகிறது, காண்டாமிருகமும் கூடுகிறது. குட்டி செத்த தாய் சீக்கிரமாகவே மறுபடி சினைப்படும் என்பதால் இழப்பின் ஒரு பகுதி ஈடாகியும் விடுகிறது. இதையே பத்துப் பன்னிரண்டு காண்டாமிருகங்களைக் கொண்டுபோய் விட்ட ஒரு புதிய இடத்தில் வைத்துப் பாருங்கள்: அங்கே ஒரு வருடத்தில் இரண்டு குட்டியைப் புலி எடுத்தால் அந்த வருட வளர்ச்சியே போய்விடும். ஒரே சாவுதான், ஆனால் இடத்தைப் பொறுத்து அதன் பாரம் மாறுகிறது. எங்கள் முடிவு இதில்தான் தொங்குகிறது என்பது என் எண்ணம்.

இப்போது அண்ணாவின் யோசனைக்கு வருவோம், புலியையும் சிங்கத்தையும் அகற்றுவது. நான் இதற்கு ஒரு சதமும் கொடுக்கமாட்டேன். ஒரு புலியை எடுத்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்காது, பக்கத்தில் இடம் தேடி அலையும் இளம் புலி வந்துவிடும், அதுவும் அனுபவமில்லாத புலி. சிங்கம் குறைந்த சிறு வேலிக் காடுகளில் ஒட்டகச்சிவிங்கிகள் பெருகினால், கறுப்புக் காண்டாமிருகம் தின்கிற அதே முள்மரங்களை அவை மொட்டையடித்துவிடும். கென்யாவின் ஒல் பெஜெட்டாவில் இந்தப் போட்டியை ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள். குட்டியைச் சிங்கத்திடமிருந்து காப்பாற்றிப் பட்டினிக்குக் கொடுப்பதில் என்ன பயன்?

மிருகங்களின் சமநிலையில் மனிதன் கைவைத்து வந்த வினைக்கு தென்னாபிரிக்காவின் பிலனெஸ்பெர்க் பூங்காவின் கதை போதும். அதே நாட்டின் க்ரூகர் பூங்காவில் பெரிய யானைகளைக் கொன்று, மிஞ்சிய அநாதைக் குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அவை கட்டுப்படுத்தப் பெரியவர் யாரும் இல்லாமல் வளர்ந்து, 1990களில் நாற்பதுக்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் வயதுவந்த ஆண் யானைகள் ஆறைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. ஒன்றை எடுத்துவிட்டு அதன் பின்விளைவைப் பல வருடம் கழித்துத் தெரிந்துகொள்வது காண்டாமிருகத்துக்குக் கட்டாது. இன்னொன்றும் இருக்கிறது. யாலையில் சிறுத்தை எருமைக்கன்றைப் பிடிப்பதைப் பார்த்த எங்களில் ஒருவரும் சிறுத்தையை அகற்றச் சொன்னதில்லை. அசாமில் இருக்கும் புலிக்கு மட்டும் வேறு நியாயம் பேச எனக்கு வாய் வரவில்லை.

வேலி அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடக்கூடியது இல்லை. கென்யாவின் சோலியோ போன்ற வேலியிட்ட காப்பிடங்கள் இல்லாவிட்டால் அந்த நாட்டின் கறுப்புக் காண்டாமிருகம் இன்றைக்கு இருக்குமோ தெரியாது. 1970இல் ஆபிரிக்கா முழுக்க ஏறத்தாழ 65,000 ஆக இருந்தவை 1990களின் நடுப்பகுதியில் 2,400 அளவுக்கு விழுந்த காலத்தில் அந்த வேலிகள்தான் விதைநெல்லைக் காத்தன. இன்றைக்கு அவை 6,000ஐத் தாண்டியிருக்கின்றன. ஆனால் வேலி மனிதனைத் தடுக்கும் அளவுக்குப் புலியைத் தடுக்காது. உத்தரப் பிரதேசத்தின் துத்வாவில் 1984இல் அசாமிலிருந்தும் பிறகு நேபாளத்திலிருந்தும் காண்டாமிருகங்களைக் கொண்டுவந்து 27 சதுர கிலோமீற்றர் மின்வேலிக்குள் விட்டார்கள். புலிகள் உள்ளே வந்து குட்டிகளைப் பிடிக்கத்தான் செய்தன. மறுபக்கம், நீண்டகாலம் ஒரே ஆண் பெரும்பாலான குட்டிகளுக்குத் தகப்பனாக இருந்ததால் இரத்த உறவுக்குள்ளேயே கூட்டம் வளர்ந்தது. 2024 கடைசியில்தான் சிலவற்றை வேலிக்கு வெளியே விடத் தொடங்கினார்கள்.

மின்வேலி என்றால் இலங்கையில் எங்களுக்குப் புதிதா? யானைக்காக ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போட்டுவைத்திருக்கிறோம். அநுராதபுரப் பக்கம் போகிறவர்கள் வாகனத்தை நிறுத்திப் பார்த்தால் தெரியும், கம்பியில் கொடி ஏறி மின் நிலத்துக்குள் கசிந்துகொண்டிருக்கும், ஒரு தூண் சரிந்து அதன்மேல் யானைத் தடம் கிடக்கும். போடுகிற அன்று படம் எடுக்க ஆள் வரும். கொடி வெட்ட, மின்கலம் மாற்ற, பத்து வருடத்துக்கு யார் வரப்போகிறார்கள்? எங்களைப் போல ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகிறவர்களின் காசுக்கு வேலி பொருந்தாது. புதிதாக விட்ட சிறு கூட்டத்துக்கு, முதல் சில வருடங்களுக்கு, பராமரிப்புக்கு உறுதியான காசுள்ள அரசு செய்தால் சரி. அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

கொம்பு வெட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் குட்டி விஷயத்தில் இதில்தான் உண்மையான முடிச்சு இருக்கிறது. முறை இதுதான்: ஹெலிகொப்டரிலிருந்து மயக்க ஊசி சுட்டு, விலங்கு விழுந்ததும் கண்ணைத் துணியால் கட்டி, காதை அடைத்து, வளரும் அடிப்பகுதிக்கு மேலே வாளால் அறுத்து, ஓரத்தைத் தேய்த்துவிடுவார்கள். கொம்பு எங்கள் நகம் மாதிரியான கெரட்டின் என்பதால் சரியாகச் செய்தால் நோவில்லை, ஆனால் மறுபடி வளரும், ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் செய்யவேண்டும். நமீபியா 1989இல் இதைத் தொடங்கியது. சில வருடங்களில் அங்கே வேலை செய்த ஜோயல் பெர்கர், கெரல் கனிங்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள், கழுதைப்புலி உள்ள இடங்களில் கொம்பு வெட்டிய தாய்களின் குட்டிகள் தப்பவில்லை, கொம்புள்ள தாய்களின் குட்டிகள் தப்பின என்று எழுதினார்கள். பெரிய வாக்குவாதம் வந்தது. பார்த்த விலங்குகள் மிகக் குறைவு, அது வறட்சிக் காலம் வேறு, அதை வைத்து இப்படிச் சொல்லலாமா என்று நமீபியாவில் வேலை செய்தவர்களே எதிர்த்தார்கள். 2022இல் வந்த ஓர் ஆய்வு நமீபியாவின் நான்கு கறுப்புக் காண்டாமிருகக் கூட்டங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, கொம்பு வெட்டியதால் குட்டி ஈனுவதோ குட்டி பிழைப்பதோ குறைந்ததாகத் தெரியவில்லை என்றது.

அப்படியென்றால் பயமில்லையா? என் அபிப்பிராயம், சிங்கமும் கழுதைப்புலியும் நெருக்கமாக உள்ள இடத்தில் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் தராசின் மறுதட்டில் இருப்பது என்ன என்று பார்க்கவேணும். தென்னாபிரிக்காவில் 2014இல் மட்டும் 1,215 காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொன்றார்கள். க்ரூகரைச் சுற்றியுள்ள 11 காப்பகங்களில் 2017 முதல் 2023 வரை நடந்ததைப் பார்த்து 2025இல் வெளியான ஆய்வு, கொம்பு வெட்டிய இடங்களில் வேட்டை ஏறத்தாழ 78 வீதம் குறைந்தது, அதற்குச் செலவானது பாதுகாப்புக்கான மொத்தச் செலவில் 1.2 வீதம்தான் என்று காட்டியது. நான் முன்னே சொன்ன காதறுந்த குட்டிகளின் ஊரான ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசியில் 2023இல் 300க்கும் மேற்பட்டவற்றைச் சுட்டார்கள். சிங்கமும் கழுதைப்புலியும் நிறைந்த அந்தப் பூங்காவிலேயே 2024இல் கொம்பு வெட்டத் தொடங்கவேண்டி வந்தது. தாயைச் சுட்டால் குட்டியின் கதி என்ன? இரவு முழுக்கத் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி நிற்கும், பால் தேடி முட்டும், அந்த இரத்த வாடைக்கே கழுதைப்புலி வந்துவிடும். பதிவில் அது கழுதைப்புலி கொன்ற குட்டி என்று விழலாம், ஆனால் அதைக் கொன்றது துவக்கு. கொம்பில்லாத தாய் ஒருத்தி கழுதைப்புலியை விரட்டக் கொஞ்சம் சிரமப்படலாம், செத்த தாய் விரட்டவே முடியாது.

அதனால் தம்பிமார் சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆபிரிக்காவுக்கு அது சரி. ஆனாலும் அது ஹெலிகொப்டர், மிருக வைத்தியர், திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலை, பெரிய அமைப்புகளின் பெரிய காசு. அதற்குள் எங்கள் காசு போனால் அரை மணிநேர எரிபொருளுக்குக்கூடக் காணாது. கொம்பு வெட்டிய கறுப்புக் காண்டாமிருகங்கள் தங்கள் நடமாட்டப் பரப்பைச் சுருக்கிக்கொள்கின்றன என்று 2023இல் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது, அதன் பின்விளைவு என்ன என்று காலம்தான் காட்டவேண்டும்.

இன்னொரு வழி, குழுவில் எல்லோருடைய மனத்தையும் உடனே உருக்கியது, அநாதைக் குட்டிகளை எடுத்து வளர்ப்பது. பிரம்மபுத்திரா வருடா வருடம் காசிரங்காவை மூழ்கடிக்கும். மிருகங்கள் தெற்கே கர்பி ஆங்லோங் மலைப்பக்கம் ஏற நெடுஞ்சாலையைக் கடக்கவேண்டும், அந்த அமளியில் குட்டிகள் தாயிடமிருந்து பிரிந்துவிடும். 2002 முதல் காசிரங்காவுக்கு அருகே இயங்கும் வனவிலங்கு மீட்பு நிலையம் அப்படிப்பட்டவற்றைப் போத்தல் பாலில் வளர்த்து, 2006 முதல் மானஸ் பூங்காவில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அவற்றில் வளர்ந்த பெண்கள் காட்டிலேயே குட்டியும் போட்டிருக்கின்றன. நல்ல வேலை, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பலன். ஆனால் ஒரு குட்டிக்குப் பல வருடப் பாலும் ஆளும் வேண்டும், வெள்ளம் பெரிதாக வரும் வருடத்தில் தேவை எகிறும், வராத வருடத்தில் குறையும். எங்கள் காசில் ஒரு பங்கு இதற்குப் போகலாம் என்றுதான் நினைக்கிறேன், முழுவதும் வேண்டாம்.

மீதி எங்கே? காவலுக்கும் புல்லுக்கும். கேட்டால் சப்பென்று இருக்கும், ஆனால் இங்கேதான் குட்டி பிழைக்கிறது. 2022இல் அசாமில் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டையில் சாகவில்லை, 1977க்குப் பிறகு அப்படி ஒரு வருடம் அதுதான் முதல் முறை. அதற்கு முந்தைய வருடம் செப்டெம்பரில் காசிரங்காவுக்கு அருகே பொக்காக்காட் நகரில், கையிருப்பில் இருந்த 2,479 கொம்புகளை அரசே தீயிட்டு எரித்தது. இதெல்லாம் புல்லுக்குள் கால்நடையாக ரோந்து போகும் காவலர்களின் தோளில் நிற்கிற காரியம். அவர்களுக்கு வேண்டியது மழைக்காலச் சப்பாத்து, நல்ல டோர்ச், படகு இயந்திரத்துக்கு எரிபொருள், வெள்ளத்தில் மூழ்காத தங்குமிடம். எங்களைப் போன்ற சிறு குழுவின் காசு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறுகிற இடம் இதுதான். தாய் உயிரோடு இருந்தால் ஒரு குட்டி போனாலும் அடுத்தது வரும். தாய் போனால் இப்போதுள்ள குட்டியும் போகும், இனி வரவேண்டிய எல்லாக் குட்டிகளும் போகும்.

புல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சித்வானில் மைக்கானியா என்ற ஏறுகொடி புல்வெளிகளை மூடிக்கொண்டு போகிறது; இலங்கையில் தோட்டப் பக்கங்களில் மரத்தை மூடிப் படரும் அதே கொடி. கொடி மூடிய இடத்தில் காண்டாமிருகத்துக்குத் தீனி இல்லை, குட்டியை மறைக்க உயர்ந்த புல்லும் இல்லை, மானும் குறையும். மான் நிறைந்த காட்டில் புலிக்குத் தாயின் கோபத்தோடு மோதி ஒரு குட்டியை எடுக்கவேண்டிய அவசியம் அவ்வளவாக வராது. காட்டுப்பன்றி, பாரசிங்கா என்ற சதுப்புநில மான், எருமைக்கன்று எல்லாம் இருக்கும்போது காசிரங்காப் புலி குட்டியையும் எடுக்கிறதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி வாழவில்லை. கொடி பிடுங்குகிற வேலையை சித்வானின் எல்லைக் கிராமத்து ஆக்கள் செய்கிறார்கள். பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 வீதம் எல்லைக் கிராமங்களுக்குப் போகவேண்டும் என்று நேபாளத்தில் சட்டமே இருப்பதால் அவர்களுக்கும் அந்தக் காட்டில் அக்கறை உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இலங்கையிலும் காண்டாமிருகம் இருந்தது. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ எனப்படும் மாணிக்கச் சரளைப் படைக்குள்ளிருந்து வந்த எலும்புகளை வைத்துத் தொல்லுயிர் ஆய்வாளர் பி.ஈ.பி. தெரணியகல அதை விவரித்தார். குருவிட்டவில் கிடைத்த பல்லை வைத்து 1939இல் இலங்கைச் சிங்கத்தையும் விவரித்தார். மனிதன் துவக்கோடு வர எவ்வளவோ காலத்துக்கு முன்பு, எங்கள் சப்ரகமுவச் சதுப்பு நிலத்திலேயே காண்டாமிருகமும் சிங்கமும் இருந்திருக்கின்றன. இரண்டும் இப்போது இங்கே இல்லை. இரண்டும் சேர்ந்து இன்னும் வாழ்கிற இடங்கள் உலகத்தில் மிஞ்சியிருக்கும்போது, அதில் ஒன்றைக் காப்பாற்ற மற்றதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இதை அண்ணாவிடம் நேரிலும் சொல்லிவிட்டேன்.

ஆக, என் வாக்கு இப்படி: பெரும்பகுதி காவலர்களின் சாமான்களுக்கும் சித்வான் புல்வெளி வேலைக்கும், ஒரு சிறுபங்கு அசாமில் குட்டி மீட்புக்கு. வேலிக்கும் புலியை அகற்றவும் ஒன்றும் இல்லை. கொம்பு வெட்டுவதற்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் தனியாகக் கொடுக்கட்டும், அதில் பிழையில்லை. வேறு யாராவது இதே யோசனையில் இருந்தால், காசு அனுப்ப முன் அந்த அமைப்பிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கடந்த வருடக் காசில் களத்துக்குப் போனது எவ்வளவு, அலுவலகத்தில் நின்றது எவ்வளவு? வாங்கிக்கொடுத்த பொருட்களை இப்போது யார் பாவிக்கிறார்கள்? படத்தை மட்டும் அனுப்பிவிட்டு இதற்குப் பதில் சொல்லாதவர்களுக்கு நாங்கள் கொடுக்கப்போவதில்லை. அடுத்த ஞாயிறு குழு கூடுகிறது, அக்காவின் வேலிக்கு இன்னும் இரண்டு பேர் ஆதரவு இருக்கிறார்கள், அதனால் இதை அவர்களுக்கும் அனுப்பிவைக்கிறேன்.